‘உங்கள் பரிசோதனை முடிவு தயார்’: அந்த மின்னஞ்சலை அனுப்பியது யார்?

வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 58 வயது. கணக்குப் பிரிவில் வேலை. மனைவியின் கழுத்தில் தைராய்டு பகுதியில் சிறு கட்டி தென்பட, மருத்துவமனையில் ஊசி வழியாகச் செல்களை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நான்காம் நாள் இரவு, அந்த மருத்துவமனையின் பெயரும் சின்னமும் தாங்கி ஒரு மின்னஞ்சல் வந்தது. “அன்புள்ள நோயாளிக்கு, உங்கள் பரிசோதனை முடிவு தயார். அது உயர் ஆபத்து, நிலை 3 என வகைப்படுத்தப்பட்டுள்ளது. 24 மணி நேரத்துக்குள் அறிக்கையைத் திறக்காவிட்டால் சிகிச்சை முன்னுரிமை ரத்தாகும்.” லிங்க்கைத் தொட்டார். மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டது, கொடுத்தார். அறிக்கை திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் இன்னொரு மின்னஞ்சல்: உலக சுகாதார நிறுவனத்தின் சிகிச்சை உதவி நிதிக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், அடையாள அட்டையின் நகலும் பதிவுக் கட்டணமும் அனுப்புங்கள் என்று. கார்டு எண்ணைக் கொடுத்தார், போனுக்கு வந்த ஓடிபியையும் கொடுத்தார். சொன்ன கட்டணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பணம் போயிருக்கிறது.

மறுநாள் மகன் பார்த்துவிட்டு ‘மோசடி’ என்று சொன்ன பிறகு, இரண்டு மின்னஞ்சல்களையும் அழித்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். போனது சிறிய தொகைதானே என்று வங்கிக்குச் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அவர் கேட்பது மூன்று. எழுத்துப்பிழை இல்லை, பூட்டுச் சின்னம் இருந்தது, முகவரியில் மருத்துவமனையின் பெயர் இருந்தது. எல்லாம் பார்த்தும் எப்படி ஏமாந்தேன்? பரிசோதனை நடந்தது மருத்துவமனைக்கு மட்டும்தானே தெரியும், தகவலைக் கசியவிட்டதற்காக அவர்கள்மீது வழக்குப் போடலாமா? கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் தனியாக எழுதியிருக்கிறார்: “மின்னஞ்சல் பொய்யாகவே இருக்கட்டும். ஒருவேளை அந்த முடிவு மட்டும் உண்மையாக இருந்தால்?”

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு வேலை. கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணில் வங்கியை இப்போதே கூப்பிட்டு அதை முடக்கச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் சிறிய தொகையாக எடுத்துப் பார்த்து, கார்டு வேலை செய்கிறது என்று தெரிந்ததும் பெரிய தொகைக்குப் போவது இந்த மோசடிக்காரர்கள் வழக்கமாகச் செய்வது. சிறிய தொகைதானே என்று விட்டுவிட வேண்டாம்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது பணம் அல்ல, அந்தக் கேள்விதான் என்று தோன்றுகிறது.

அந்த ‘நிலை 3’

நான் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் ஆவணப் பிரிவைக் கவனிக்கும் மருத்துவர். நீங்கள் எழுதி அனுப்பிய வாசகத்தைப் படித்ததுமே எனக்கு உறுத்தியது எழுத்துநடையோ முகவரியோ அல்ல, ‘நிலை 3’ என்ற அந்த இரண்டு சொற்கள்தான். தைராய்டு கட்டியில் ஊசி போட்டு எடுத்த செல்களைப் பார்த்து யாரும் நிலை சொல்ல முடியாது. கட்டி எவ்வளவு பெரியது, நெறிகட்டிகளுக்குப் பரவியதா, வேறு உறுப்புகளுக்குப் போனதா என்றெல்லாம் பார்த்த பிறகு, அதுவும் புற்றுநோய் என்று உறுதியானால் மட்டுமே, முடிவு செய்வது அது. ஊசிப் பரிசோதனையின் முடிவை உலகின் பல ஆய்வகங்கள் ‘பெதஸ்டா’ என்ற முறைப்படி 6 வகைகளில் ஒன்றாகத் தருகின்றன. முதல் வகை, எடுத்த செல்கள் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்பது. இரண்டாவது, ஆபத்தில்லாத கட்டி. ஆறாவதுதான் புற்றுநோய் என்று சொல்வது. நடுவில் இருப்பவை சந்தேகத்தின் வெவ்வேறு அளவுகள். வேறு முறையைப் பின்பற்றும் நாடுகளிலும் இதே மாதிரி வகைதான் வரும்.

ஆக, அந்த மின்னஞ்சலை எழுதியவர் உங்கள் மனைவியின் அறிக்கையைப் பார்க்கவில்லை. அப்படியோர் அறிக்கை எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. உங்கள் மனைவியின் கழுத்தைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. தைராய்டில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதை மட்டும் நான் சொல்ல முடியும். மற்றதை உங்கள் மருத்துவரிடம் நேரில் கேளுங்கள்.

உண்மையான அறிக்கையில் நோயாளியின் பதிவு எண், மாதிரியின் எண், அது ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த நாள், பார்த்த நோய்க்குறியியல் மருத்துவரின் பெயர், கையொப்பம் எல்லாம் இருக்கும். உடனே கவனிக்க வேண்டிய முடிவு என்றால் ஆய்வகம் சிகிச்சை செய்யும் மருத்துவரைப் போனில் கூப்பிடும். ரத்தப் பரிசோதனைகளில் அபாயமான எண்கள் வந்தால், சொன்னதைத் திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார்க்கும் பழக்கமும் உண்டு. ‘24 மணி நேரத்தில் திறக்காவிட்டால் ரத்து’ என்று நோயாளிக்குக் கெடு வைக்கும் ஆய்வகம் எதுவும் கிடையாது. உங்கள் முன்னுரிமையை முடிவு செய்வது உங்கள் உடல்நிலை, நீங்கள் லிங்க்கைத் தொட்ட நேரம் அல்ல.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

இங்கே உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய வாசகத்தை மறுபடி படியுங்கள். அதில் உங்கள் மனைவியின் பெயர் இல்லை. தைராய்டு இல்லை, ஊசி இல்லை, கட்டி இல்லை. “அன்புள்ள நோயாளிக்கு”, “உங்கள் பரிசோதனை முடிவு”, அவ்வளவுதான். சொல்லப்போனால் நோயாளி நீங்களே அல்ல. மீதியை நிரப்பியது நான்கு நாளாக நீங்கள் சுமந்துகொண்டிருந்த பயம். ஆயிரக்கணக்கான பேருக்கு இதையே அனுப்பினால், அதில் ஏதோ ஒரு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் கட்டாயம் சிலர் இருப்பார்கள். பெரிய மருத்துவமனை என்றால் அதே பெயரைப் போட்டாலும் சிலருக்குப் பொருந்திவிடும்.

இது புதிதும் அல்ல. 2014 மார்ச்சில் பிரிட்டனில் ‘நைஸ்’ என்ற அரசு அமைப்பின் பெயரில், உங்கள் ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய் சந்தேகம் இருக்கிறது, முடிவு இணைப்பில் இருக்கிறது என்று ஏராளமானவர்களுக்கு மின்னஞ்சல் போனது. நைஸின் வேலை எந்தச் சிகிச்சையை எப்போது தரலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டுவது. அவர்கள் யாருடைய ரத்தத்தையும் எடுப்பதில்லை. 2020 தொடக்கத்தில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பெயரில் எச்ஐவி பரிசோதனை முடிவு என்று ஓர் எக்செல் கோப்பு சுற்றியது. அனுப்பியவர்கள் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கி ‘வாண்டர்பிட்’ என்று போட்டிருந்தார்கள். ஆனால் எச்ஐவி முடிவு என்று பார்த்தவுடன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனநிலை யாருக்கு இருக்கும்?

அதற்காக மருத்துவமனையிலிருந்து தகவல் கசிந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைகளின் பதிவுகள் திருடப்படுவது உண்டு. ஆனால் இந்த மின்னஞ்சலை வைத்துக்கொண்டு கசிந்தது என்று நிரூபிக்க முடியாது, இப்போது வழக்கு என்று போனால் பணமும் நிம்மதியும்தான் செலவாகும். பதிலாக, மருத்துவமனைக்கு எழுத்தில் கேளுங்கள்: எங்களைப் பற்றி என்னென்ன விவரம் வைத்திருக்கிறீர்கள், யார் யாருக்குத் தந்திருக்கிறீர்கள், சமீபத்தில் கசிவு ஏதும் நடந்ததா? தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள பல நாடுகளில் இப்படிக் கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது அவர்கள் கடமை. 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம், கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு ஆணையத்திடம் தெரிவிக்கச் சொல்கிறது. கசிவு உண்மை என்று பதில் வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள், அப்போது உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும். கசிவே இல்லாவிட்டாலும் தங்கள் பெயரில் மோசடி நடப்பது மருத்துவமனைக்குத் தெரிய வேண்டும், மற்ற நோயாளிகளை எச்சரிப்பதற்காவது.

நீங்கள் பார்த்த மூன்று அடையாளங்கள்

எழுத்துப்பிழையைத் தேடுவது பழைய காலத்து அறிவுரை. இன்று எந்த மொழியிலும் பிழையில்லாமல் எழுதித் தர மென்பொருள் இருக்கிறது. பிழை இருந்தால் சந்தேகப்படலாம், இல்லை என்பதால் நம்பக் கூடாது.

பூட்டுச் சின்னத்தைப் பற்றித் தவறான நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. உங்கள் போனுக்கும் அந்த இணையதளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று சொல்வதில்லை. பூட்டுக்கான சான்றிதழ் 2015 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. திருடனும் வாங்கிக்கொள்கிறான்.

முகவரி விஷயத்தில் நீங்கள் பாதி சரி. மருத்துவமனையின் பெயர் அதில் இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நீங்கள் எழுதி அனுப்பியதில் முதலில் மருத்துவமனையின் பெயர், டாட், பிறகு ‘பேஷன்ட்ரிசல்ட்ஸ்’, டாட் காம் என்று இருக்கிறது. இணைய முகவரியில், தொடக்கத்தில் ‘https:’-ஐ ஒட்டி வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பின் முதல் சாய்கோடு வரும் இடத்தைப் பாருங்கள். அதற்குச் சற்று முன்னால், டாட் காமை ஒட்டி நிற்பவர்தான் சொந்தக்காரர். இங்கே அது ‘பேஷன்ட்ரிசல்ட்ஸ்’, யாரோ ஒருவர் வாங்கிய பெயர். அதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் அவர் ஒட்டவைக்கலாம், உங்கள் மருத்துவமனையின் பெயரையும், என் பெயரையும். போன் திரை சிறியது, முகவரியின் முன்பாதி மட்டுமே தெரியும் என்பதும் அவர்களுக்கு வசதி. மின்னஞ்சல் முகவரி என்றால் ‘அட்’ குறிக்குப் பின்னால் வருவதை இதே போலப் படிக்க வேண்டும். அனுப்புநர் என்று பெரிய எழுத்தில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்துகொள்ளலாம். தபால் உறையின் பின்னால் விருப்பப்பட்ட விலாசத்தை எழுதுவதைப் போலத்தான்.

உலக சுகாதார நிறுவனம் என்றால் ‘அட்’டுக்குப் பின்னால் ‘ஹூ டாட் இன்ட்’ மட்டும் இருக்க வேண்டும். ‘டாட் இன்ட்’ என்ற முடிவு அரசுகள் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய பன்னாட்டு அமைப்புகளுக்கு மட்டும் தரப்படுவது, கடையில் வாங்குகிற மாதிரி வாங்க முடியாது. ‘ஹூ’வோடு ஒரு கோடு போட்டு ‘ஃபண்ட்’, ‘கேர்’ என்று ஏதாவது சேர்த்து, டாட் காம் அல்லது டாட் ஆர்க் என்று முடிந்தால் அது வேறு ஆள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, முகவரி சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பும் முறை 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புகிறவர் உண்மையில் அவர்தானா என்று சோதிக்க அதில் ஏற்பாடு இல்லை. அந்தச் சோதனைகள் பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை, எல்லா நிறுவனமும் அவற்றைச் சரியாகப் போட்டிருப்பதில்லை. உண்மையான ஊழியர் ஒருவரின் கணக்கே திருடப்பட்டிருந்தால் முகவரியும் அசலாகவே இருக்கும். உலக சுகாதார நிறுவனமே 2020 ஏப்ரலில், தங்களுடைய செயல்பாட்டிலுள்ள மின்னஞ்சல் முகவரிகளில் சுமார் 450 கடவுச்சொற்களோடு இணையத்தில் வெளியானதாக அறிவித்தது.

அப்படியானால் எதை நம்புவது?

அடையாளங்களைத் தேடுவதைவிட நான் நம்புவது ஒரே ஒரு கேள்வியை: இது இந்த நிறுவனம் செய்கிற வேலையா? நைஸ் ரத்தப் பரிசோதனை செய்யாது என்று தெரிந்தவருக்கு அந்த 2014 மின்னஞ்சலில் முகவரியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் நாடுகளின் அரசுகளோடு வேலை செய்கிறது. தனி நோயாளி ஒருவரைத் தேடிப்பிடித்துச் சிகிச்சைக்குப் பணம் தருவது அதன் வேலை அல்ல. அவர்களே பொதுமக்களுக்குச் சொல்லியிருப்பது: கடவுச்சொல் கேட்க மாட்டோம், நீங்கள் கேட்காத கோப்பை அனுப்ப மாட்டோம், வேலைக்கு விண்ணப்பிக்கவோ மாநாட்டில் பதியவோ கட்டணம் வாங்க மாட்டோம், மின்னஞ்சலில் பரிசோ நிதியோ தருவதாகச் சொல்ல மாட்டோம். உங்களுக்கு வந்த இரண்டாவது மின்னஞ்சல் இவற்றில் கடைசியானதை அப்படியே மீறியிருக்கிறது, போதாததற்குக் கட்டணமும் கேட்டிருக்கிறது. உதவி தருகிறவர் உதவி வாங்குகிறவரிடம் முதலில் பணம் கேட்பது எந்த ஊர் வழக்கம்?

மருத்துவமனைக்கும் இதே கேள்விதான். நோயாளிகளுக்கான இணையதளம் வைத்திருக்கும் மருத்துவமனை, நீங்கள் அங்கே பதிவு செய்தபோது உருவாக்கிய கடவுச்சொல்லைக் கேட்கலாம். உங்கள் சொந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் அவர்களுக்கு எதற்கு? அதைக் கேட்ட அந்த நொடியே விஷயம் முடிந்துவிட்டது, வேறெதையும் ஆராய வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் மின்னஞ்சலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். அதிலுள்ள லிங்க் வேண்டாம், அதிலுள்ள போன் எண்ணும் வேண்டாம், கியூஆர் கட்டத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். பரிசோதனை செய்த அன்று கொடுத்த ரசீதில் ஓர் எண் இருக்கும், அதைக் கூப்பிடுங்கள். உண்மையான அறிக்கை என்றால் அங்கேயும் இருக்கும். பொய் என்றால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியவை

வங்கி: கார்டை முடக்கியதோடு நிற்காமல், நடந்ததை எழுத்தில் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஓடிபியை நீங்களே தந்தது உங்களுக்கு எதிராகப் பேசப்படும் என்பதை மறைக்க மாட்டேன். எவ்வளவு கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு, வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் எவ்வளவு சீக்கிரம் தெரிவித்தீர்கள் என்பது பல இடங்களில் கணக்கில் வரும், ஆகவே நாளை என்று தள்ளாதீர்கள்.

மின்னஞ்சல்: கடவுச்சொல்லை மாற்றியது நல்லது, ஆனால் போதாது. அமைப்புகளுக்குள் போய், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். பிறகு, பலர் பார்க்க மறக்கும் ஓர் இடம்: ‘ஃபார்வர்டிங்’. உங்களுக்கு வரும் அஞ்சல்களின் நகல் தானாக வேறொரு முகவரிக்குப் போகும்படி அவர்கள் வைத்திருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றினாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வரும் அஞ்சல்களைத் தானாக ஒதுக்கவோ அழிக்கவோ செய்யும் வடிகட்டி (ஃபில்டர்) விதிகளையும், கணக்கை மீட்பதற்கான போன் எண்ணையும் முகவரியையும் பாருங்கள், தெரியாதது எது இருந்தாலும் நீக்குங்கள். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். அதே கடவுச்சொல் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றுங்கள். உங்கள் பெயரில் மற்றவர்களுக்கு ஏதாவது போயிருக்கிறதா என்று ‘அனுப்பியவை’ பகுதியையும் ஒரு பார்வை பாருங்கள்.

அழித்த மின்னஞ்சல்கள்: அவை ஆதாரம். பல சேவைகளில் அழித்தவை 30 நாள் வரை குப்பைப் பகுதியில் இருக்கும். எடுத்து வைத்துக்கொண்டு, மோசடி என்று புகாரளிக்கும் பொத்தானை அழுத்துங்கள், சைபர் குற்றப் பிரிவுக்குத் தரும் புகாரோடும் சேருங்கள். படம்பிடித்து மட்டும் கொடுத்தால் எந்த வழியாக வந்தது என்ற விவரம் போய்விடும், அசல் மின்னஞ்சல் அப்படியே வேண்டும்.

அடையாள அட்டையின் நகல்: இதுதான் திரும்ப வாங்க முடியாதது. கார்டை மாற்றிக்கொள்ளலாம், அட்டையிலுள்ள பிறந்த தேதியை மாற்ற முடியாது. போலீஸ் புகாரின் நகலைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பெயரில் கடனோ சிம் கார்டோ வாங்கப்பட்டிருக்கிறதா என்று சில மாதங்களுக்கு அவ்வப்போது பாருங்கள்.

மனைவியிடம் சொல்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவருடைய உடம்பைப் பற்றி வந்த பொய் அது, தெரிந்துகொள்ள அவருக்குத்தான் முதல் உரிமை. தவிர, அவருக்கும் இதே மாதிரி ஒன்று வரலாம், நீங்கள் மறைத்தால் அவர் எச்சரிக்கையில்லாமல் இருப்பார். அசல் முடிவு வரும்முன் சொல்லிவிடுவது நல்லது. ‘நிலை 3’ என்பதைப் பற்றி நான் மேலே எழுதியதை அவரிடம் காட்டுங்கள், அல்லது இரண்டு பேருமாக மருத்துவரிடம் போய் அவர் வாயாலேயே கேளுங்கள்.

இன்னொன்று. வரும் வாரங்களில் யாராவது கூப்பிட்டு, நாங்கள் வங்கி மோசடித் தடுப்புப் பிரிவு, அல்லது போலீஸ், அல்லது இழந்த பணத்தை மீட்டுத் தரும் நிறுவனம், ஒரு சிறு கட்டணம் செலுத்தினால் பணம் திரும்ப வரும் என்று சொல்வார்கள். ஒருமுறை பணம் கொடுத்தவர்களின் பட்டியலுக்கு இந்தச் சந்தையில் நல்ல விலை உண்டு. உங்களுக்கு நடந்ததை அவர்கள் துல்லியமாகச் சொன்னால் அசந்துவிடாதீர்கள், அவர்களுக்குத் தெரிந்திருப்பதே சந்தேகத்துக்குரியது. போனை வைத்துவிட்டு அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.